வெள்ளைக் கோடு போட்ட மூடி

செப்டம்பர் 30

காலை பி.பி. 160/100. மாலை 150/90. இட்லி இரண்டு வைத்தேன், ஒன்றரைதான் இறங்கியது. வயிறு போகவில்லை.

இதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னார் டாக்டர். பொங்கலுக்கு சிமெண்ட் கடைக்காரர் கொடுத்த டைரி ஒன்பது மாதமாகச் சும்மா கிடந்தது. எடுத்துத் தூசி தட்டினேன்.

ஆகஸ்ட் பதினாலாம் தேதி ரிப்பேர் பார்க்கக் கார் அடியில் போய்ப் படுத்த என் வீட்டுக்காரர் தானாக எழுந்து வரவில்லை. இழுத்துத்தான் எடுத்தோம். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயிற்று. பேச்சில் ஒரே ஒரு சொல் மிச்சம்: "ஆமா." பசிக்குதா என்றால் ஆமா. பசிக்கலையா என்றாலும் ஆமா. நாம் பேசுவது அவருக்கு நன்றாகப் புரியுமாம், பதிலும் உள்ளே இருக்குமாம், வாய் மட்டும் அந்த ஒன்றைத்தான் கொடுக்குமாம். எழுதவும் வராது, தலையாட்டுவதையும் நம்ப முடியாது. அந்த ஆமாவை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்றார் டாக்டர்.

இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்னதற்கு ஒரு தடவைகூட ஆமா போடாத மனிதர், இப்போது வட்டியும் முதலுமாகச் சொல்கிறார் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். நான் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் திரும்பும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 3

பட்டறையை மூட வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டு வாசல்தானே பட்டறை, கோத்தகிரி ரோட்டில் மலை ஏறுகிற இறங்குகிற வண்டியெல்லாம் இங்கேதான் நிற்கும். வேலைக்கு ஆரோக்கியம் இருக்கிறார். பதினேழு வருஷமாக இவரோடு இருப்பவர், கழற்றி மாட்டுவதில் ஒரு குறை சொல்ல முடியாது. சாமான் எடுத்துக் கொடுப்பது, வண்டிக்காரர்களிடம் பேசுவது என் பாடு.

இவர் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். பட்டறை முழுக்கத் தெரியும், பொழுது போகும். பி.பி. 150/90.

அக்டோபர் 10

நாளைக்கு ஆயுத பூஜை. இவர் நன்றாக இருந்தால் அலமாரிப் பக்கம் என்னை விடவே மாட்டார். இந்த வருஷம் என் ராஜ்ஜியம். ஸ்பேனர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துடைத்தேன். கிரீஸ் வாளிகள் இருந்த கோலத்தைப் பார்த்தால் வாந்தி வரும். மொத்தம் நான்கு பழைய பெயிண்ட் வாளி. வெளியே பேர் கிடையாது. பேர் எழுதி வைத்தால் கண்டவன் கை வைப்பான் என்று இவர் மூடியில் பெயிண்டால் கோடும் புள்ளியும் போட்டு வைத்திருக்கிறார். வெள்ளைக் கோடு என்றால் கார் ஆக்சில் ஜாயிண்டுக்கு, சிவப்புப் புள்ளி என்றால் வேன் ஸ்பிரிங் பட்டைக்கு. இது எனக்கே தெரியும், இத்தனை வருஷம் இங்கேதானே கிடக்கிறேன்.

மூடிகளை சோப்பு போட்டுத் தேய்த்து வெயிலில் வரிசையாகக் காய வைத்தேன். சாயங்காலம் எடுத்து மூடி, அலமாரியில் அடுக்கினேன். கோவில் மாதிரி இருந்தது.

அக்டோபர் 11

பூஜை முடிந்தது. வாளிக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டும்போது இவரை சக்கர நாற்காலியில் வெளியே கொண்டுவந்தோம். அலமாரியைப் பார்த்துக்கொண்டே இருந்தவர் திடீரென்று இடது கையை நீட்டி "ஆமா ஆமா ஆமா" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். கண்ணில் தண்ணீர். போன வருஷம் தானே நின்று பூசணிக்காய் உடைத்ததை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. எனக்கும் தாங்கவில்லை. உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டேன்.

அவர் பங்குப் பொரியை ஊட்டினேன். துப்பிவிட்டார். பி.பி. 170/100.

அக்டோபர் 21

போஜன் வந்தார். கோத்தகிரிக்கு மேலே ஒரு ஹட்டிக் கிராமத்தில் வீடு, சொந்தமாக ஒரு பழைய கார், வாடகைக்கு ஓட்டுகிறார். அவர் மனைவி மாதிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாயும் சனியும் விடியும்முன் கிளம்பி கோவையில் டயாலிசிஸ் செய்து கூட்டி வருகிறார். மாதி முன்சீட்டில் ஸ்வெட்டரும் மப்ளருமாக உட்கார்ந்திருப்பாள். இறங்கச் சொன்னால் "வேண்டாக்கா, ஏறறது கஷ்டம்" என்பாள். இன்றைக்கு அவள் வரவில்லை.

இடது முன்சக்கரத்துப் பக்கம் ஆக்சில் ஜாயிண்டின் ரப்பர் உறை, பூட் என்பார்கள், கிழிந்து மண் உள்ளே போயிருக்கிறது. கழற்றிக் கழுவி, புது பூட் போட்டு, கிரீஸ் அடைக்க வேண்டும். கிரீஸ் அடைக்கிற வேலையை மட்டும் இவர் யாருக்கும் விட்டதில்லை. குண்டு குண்டாக இருக்கிற இடத்தில் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி, குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைக்கிற மாதிரி வைப்பார். கொண்டை ஊசி வளைவில் சக்கரத்தை முழுக்க ஒடிக்கும்போது மொத்த பாரமும் அந்தக் குண்டுகள் மேல்தான் என்பார்.

வெள்ளைக் கோடு மூடி வாளியை எடுத்துக் கொடுத்தேன். ஆரோக்கியம் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அக்கா, இது வழுவழுன்னு இருக்குதுங்க. அண்ணன் போடறது கையில ஒட்டுனா விடாது. ரப்பர் பூட்டோட வந்த பாக்கெட் கிரீஸே போட்டர்லாங்களா?"

எனக்குக் கோபம் வந்தது. பாக்கெட் கிரீஸை அண்ணன் என்றைக்காவது தொட்டிருக்கிறாரா, நேற்று வரைக்கும் இருந்த வாளி இன்றைக்கு ஆகாமல் போய்விட்டதா என்று கேட்டேன். இருந்தாலும் மனசுக்கு ஒரு மாதிரி இருந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு போய் இவர் முன்னால் வைத்து, "ஏனுங்க, ஆக்சிலுக்கு இதுதானுங்களே?" என்றேன்.

"ஆமா" என்றார்.

கையை ஆட்டினார், வாளியைத் தள்ளினார், மறுபடி மறுபடி ஆமா என்றார். சரி சரி, இதற்குப் போய் ஏன் இத்தனை ஆத்திரம் என்று வாளியைக் கொண்டுவந்து ஆரோக்கியத்திடம் வைத்தேன். அவரே ஆமாங்கறார் என்றேன். ஆரோக்கியம் குனிந்து அடைக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் வண்டி போயிற்று. என் பொறுப்பில் போன முதல் ஆக்சில். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அக்டோபர் 22

பி.பி. 170/110. ராத்திரி மாத்திரையைத் தட்டிவிட்டார்.

நவம்பர் 2

இந்தப் பத்து நாளில் இன்னும் மூன்று காருக்கு ஆக்சில் வேலை. தீபாவளிக் கூட்டம் மலைக்கு ஏறுகிற நேரம். வெள்ளைக் கோடு வாளி பாதி காலி. இவர் ஜன்னலில் முகத்தை வைத்தபடியே கிடக்கிறார், வாளியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே ஆமா ஆமா. ஆரோக்கியம் கூட சிரிக்காமல் வேலை செய்கிறார். வீடா இது.

முதுகில் புண் வரப் பார்க்கிறது. பவுடர் போட்டேன்.

நவம்பர் 11

போஜன் மறுபடி வந்தார். வளைவில் திருப்பினால் இடது பக்கம் டக்டக்கென்று சத்தம். பட்டறைக்குள் வண்டியைச் சக்கரம் ஒடித்துத் திருப்பும்போதே எல்லோருக்கும் கேட்டது.

அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் இவர் இடது கையால் கட்டில் கம்பியை அடிக்க ஆரம்பித்தார். ஓடிப் போய்ப் பார்த்தேன். தண்ணீரா என்றேன், ஆமா. ஒன்றுக்கா என்றேன், ஆமா. வேட்டியை மாற்றினேன், நனையவே இல்லை. அடிப்பது நிற்கவில்லை, விரல் மூட்டு தோல் கிழிந்துவிட்டது. ரொம்பப் படபடத்தால் கொடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிய தூக்க மாத்திரையில் பாதியை வாழைப்பழத்தில் வைத்துக் கொடுத்தேன். வாயை இறுக்கிக்கொண்டார். மூக்கைப் பிடித்துத்தான் திணிக்க வேண்டியிருந்தது. அரை மணியில் அடங்கினார்.

ஆரோக்கியம் ரப்பர் பூட்டைக் கழற்றினால் உள்ளே கிரீஸே இல்லை. பூட்டை இறுக்கிப் பிடிக்கிற கிளிப் வழியாக உருகி ஒழுகி சக்கரத்து உட்பக்கமெல்லாம் கறுப்பாகத் தெறித்திருந்தது. கிளிப்பை ஒழுங்காக முறுக்காமல் விட்டிருக்கிறீர்கள் என்று போஜன் முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஆரோக்கியம் முகம் சுண்டிப்போயிற்று. கிளிப் சரியாகத்தான் இருக்கிறது, கிரீஸ்தான் நிற்கவில்லை, குண்டுகள் வேறு தேய்ந்துவிட்டது, ஜாயிண்டையே மாற்ற வேண்டும் என்றார். ஜாயிண்ட் கோவையிலிருந்து வர இரண்டு நாள் ஆகும். நாளைக்குச் செவ்வாய்.

"இந்த ஒரு வாரம் ஓடினா போதும்க்கா, சாமான் வந்ததும் மாத்திக்கறேன்" என்றார் போஜன்.

இந்தத் தடவை நானே பக்கத்தில் உட்கார்ந்து, வழிய வழிய அதே வாளியிலிருந்து எடுத்து அடைக்கச் சொன்னேன். கிளிப் இரண்டு போட வைத்தேன். இனி எங்கே ஒழுகும், பார்க்கலாம்.

நவம்பர் 12

நன்றாகத் தூங்கினார். பி.பி. 130/80. இப்படியே இருந்தால் தேவலை.

நவம்பர் 18

ஜாயிண்ட் இன்னும் வரவில்லை. கடைக்காரன் நாளை நாளை என்கிறான். மழை.

நவம்பர் 23

காலை ஆறரைக்குப் போஜன் போன் செய்தார். குஞ்சப்பனை தாண்டி ஒரு வளைவில் ஜாயிண்ட் உடைந்துவிட்டது. இறக்கத்தில் இன்ஜின் பிடிப்பு ஒரேயடியாக அறுந்து, பிரேக்கை மிதித்து மிதித்து மலைப்பக்கம் அணைத்து நிறுத்தியிருக்கிறார். அவருக்கும் மாதிக்கும் அடி இல்லை. ஆனால் இன்றைக்குச் சனி.

நானும் ஆரோக்கியமும் ஆளுக்கொரு போன் எடுத்து வண்டி தேடினோம். மழைக்கு ரோட்டில் பாதிக்கு மரம் விழுந்து இறங்குகிற வண்டியை மட்டும் விட்டார்கள், கீழே இருந்து எதுவும் ஏறவில்லை. மேலே இருந்து வந்த பஸ்ஸெல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன, மாதியால் நிற்க முடியாது. பத்து மணி வரைக்கும் அவள் அந்தக் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். மூச்சு இழுக்கிறது என்றார் போஜன். போனைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதைத் தவிர நான் என்ன செய்ய முடியும். கடைசியில் ஒரு தேயிலை லாரிக்காரர் முன்னால் ஏற்றிக்கொண்டார். கோவை போய்ச் சேரும்போது மணி ஒன்றரை. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது, ஐ.சி.யூ.வில் வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் காரைக் கட்டி இழுத்து வந்து பட்டறையில் விட்டார்கள். இவர் ஜன்னலிலிருந்து பார்த்தார். கத்தவில்லை, கம்பியை அடிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நவம்பர் 24

ஆரோக்கியத்தை வேலையை விட்டு நிற்கச் சொல்லிவிட்டேன். ஒரு உயிரோடு விளையாடியிருக்கிறீர்கள் என்றேன். அவர் கையைக் கழுவி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். இவர் கட்டில் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். இவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

வாசலில் திரும்பிச் சொன்னார்: "நான் டைட் பண்ணித்தானுங்கக்கா குடுத்தேன். அது அண்ணனுக்குத் தெரியும்."

தெரிந்து என்ன செய்ய. பி.பி. எடுக்க மறந்துவிட்டேன்.

நவம்பர் 27

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

உள்ளே தனியாக விட முடியாமல் இவரை நாற்காலியோடு அலமாரிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தேன். வாசலில் ஒருவரிடம் பேசிவிட்டு வந்து பார்த்தால், இரண்டு கிரீஸ் வாளியைத் தரையில் இழுத்துப் போட்டிருக்கிறார். வெள்ளைக் கோடு மூடி மடியில் இருக்கிறது. சிவப்புப் புள்ளி மூடியைத் திறக்க நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தார். திட்ட வாயெடுத்தவள் நின்றுவிட்டேன். திறந்தார். அந்த மூடியைக் கீழே போட்டார். உள்ளே இருந்த கிரீஸை ஒரு விரலில் எடுத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். மடியில் இருந்த வெள்ளைக் கோடு மூடியை எடுத்து அந்த வாளி மேல் வைத்து அழுத்தினார். ஒரு கைதானே, மூடி வழுக்கிக்கொண்டு போனது. மறுபடி வைத்தார். மறுபடி வழுக்கியது. நான்கு தடவை.

அந்த வாளிக்குக் கைப்பிடி அறுந்து செம்புக் கம்பி கட்டியிருக்கும். கம்பி கட்டின வாளிதான் ஆக்சில் வாளி, நான் மூடியைப் பார்த்தேனே தவிர வாளியைப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவர் ஆயுத பூஜை அன்றைக்கே கத்தியிருக்கிறார். நான்கு மூடியும் வெயிலில் வரிசையாகக் காய்ந்தது என் கண் முன்னால் வந்தது.

அப்போதும் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. பழைய கரண்டி இரண்டில் இரண்டையும் ஒரு துளி எடுத்து அடுப்பில் காட்டினேன். இரண்டும் ஒரே கறுப்பு. நான் ஆக்சிலுக்குக் கொடுத்து வந்தது இரண்டே நிமிஷத்தில் எண்ணெயாக உருகிக் கரண்டியில் ஓடியது. அது சும்மா அசைகிற பட்டைக்குப் போடுவது, சூடு தாங்காது. கம்பி வாளிக் கிரீஸ் அப்படியே உட்கார்ந்திருந்தது.

அவருக்கு ராத்திரிக்குக் கஞ்சிதான்.

நவம்பர் 28

மற்ற மூன்று காரையும் போன் போட்டு வரவழைத்தேன். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒருவரை ஒரு நாளைக்கு அழைத்துக் கிரீஸை மாற்றினேன். புதுசாக நல்ல கிரீஸ் வந்திருக்கிறது, பழகினவர்களுக்கு மட்டும் போட்டுத் தருகிறோம் என்று சொன்னேன். அவர்கள் சந்தோஷமாகப் போனார்கள்.

ஆரோக்கியம் வீட்டுக்கும் போனேன். அவர் இல்லை. இரண்டு பட்டறையில் வேலை கேட்டிருக்கிறார், ஜாயிண்ட் உடைந்த கதை அவருக்கு முன்னால் போய்விட்டது, எடுக்கவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. வந்தால் பட்டறைப் பக்கம் வரச் சொல்லுங்க என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நவம்பர் 29

சனிக்கிழமை டயாலிசிஸை இன்றைக்கே செய்து மாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு படி ஏற முடியவில்லையாம், போஜன் தூக்கிக்கொண்டு போனாராம். ஜாயிண்ட் வந்துவிட்டது. கடவுளே.

டிசம்பர் 1

ஞாயிற்றுக்கிழமை. போஜன் சொந்தக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து தாங்களே மாட்டினார்கள். கிரீஸை மட்டும் அண்ணன் கையால் வைக்க வேண்டும் என்றார் போஜன். ஜாயிண்டை நான் பிடித்துக்கொண்டேன். இவர் கம்பி வாளியிலிருந்து எடுத்து, இடது கட்டைவிரலால், ஒரு மணி நேரம் வைத்தார். நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார், ஒரு குண்டையும் விடவில்லை. அடைத்து முடித்ததும் போஜன் அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம் குனிந்து கேட்டார்: "அண்ணா, உள்ளதைச் சொல்லுங்க. ஆரோக்கியந்தான் சரியா முறுக்காம விட்டுட்டாரா?"

"ஆமா" என்றார் இவர்.

தலையை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆட்டினார். ஆமா, ஆமா. கண்ணிலிருந்து கொட்டுகிறது. என்னைப் பார்த்தார். போஜன் இவர் முதுகைத் தடவிக்கொடுத்து, விடுங்கண்ணா, நம்பின ஆளு இப்படிப் பண்ணினா வலிக்கத்தான் செய்யும் என்றார். டாக்ஸி ஸ்டாண்டில் எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, இனி அந்த ஆளை எந்த வண்டியும் தொட விட மாட்டாங்க என்றார்.

நான் அங்கேதான் நின்றிருந்தேன். டீ வைக்கிறேன் என்று உள்ளே போனேன்.

அவர்கள் போனதும் இவர் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நகக்கண்ணில் இருந்த கறுப்பு போகவில்லை. கழுவிக்கொண்டே கேட்டேன், "மூடிய மாத்தி வச்சது நான்தானுங்களே?"

ஆமா என்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தையை எத்தனை தடவை திட்டியிருக்கிறேன், அதை இப்போது எப்படி வேண்டிக்கொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை என்னிடமிருந்து இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

டிசம்பர் 2

காலை பி.பி. 180/110. எதுவும் சாப்பிடவில்லை. தட்டை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பதினோரு மணிக்குப் போஜனுக்குப் போன் போட்டேன். ஜன்னல் பக்கம் நின்று, இவர் காதில் விழுகிற மாதிரி பேசினேன். ஆரோக்கியம் சரியாகத்தான் முறுக்கினார், கிரீஸ் சரியில்லை என்று அன்றைக்கே என்னிடம் சொன்னார், பூஜைக்குக் கழுவி மூடியை மாற்றி வைத்தது நான், அண்ணனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் வரும், அதைக் கேட்டுத்தான் நானும் ஏமாந்தேன், நீங்களும் ஏமாந்தீர்கள் என்று மூச்சு விடாமல் சொன்னேன்.   போஜனுக்குப் பின்னால் மாதி இருமுவது கேட்டது.

"ஆரோக்கியத்துக்கிட்ட சொல்லிட்டீங்களாக்கா?" என்றார்.

இன்னும் இல்லை என்றேன். இதோ இப்போதே கிளம்புகிறேன் என்றேன்.

 திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இவர் சுவரிலிருந்து திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போஜன் கேட்டார்: "நாளைக்குச் செவ்வாய்க்கிழமைங்க. வேற வண்டி கெடைக்கல. இது போய்ச் சேந்துருமில்லக்கா?"

"ஆமா" என்றேன். வேறு எந்த வார்த்தையும் எனக்கு வரவில்லை.